மேகத்துக்கு எதிரே மூன்று ராஜாக்கள்

இந்தக் கதையை நான் நேரில் பார்த்ததில்லை. நேரில் பார்த்தவர்களிடமிருந்து கேட்டதும் இல்லை. சங்கம்புதூர் உப்பளத்தில் வேலை பார்த்த டெல்ஃபினின் தங்கை என்னோடு போட்டித் தேர்வு வகுப்பில் படித்தாள். டெல்ஃபின் அவளுக்குச் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். இடையில் எது உதிர்ந்தது, எது ஒட்டிக்கொண்டது என்று தெரியாது. என் பங்குக்கு எதையும் கூட்டிவிடக் கூடாது என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

சங்கம்புதூரில் வேலை விடியும் முன்னே தொடங்கி, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் குத்துகிற பதினொரு மணிக்கு ஓய்ந்துவிடும், ஆனால் ஆட்களை ஊருக்குக் கூட்டிப்போகிற வேன் ஒன்றரை மணிக்குத்தான் வரும், அந்த இரண்டரை மணி நேரத்தைத் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து எப்படித் தள்ளுவது என்று தெரியாமல்தான் ஜெபக்கனி போக்கர் கற்றுக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் அடுத்தவர் பாத்தியில் கூலிக்கு உப்பு வாரியவள் அவள். அந்த வருஷம்தான் முதன்முதலாகத் தன் பேரில் பன்னிரண்டு பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தாள். குத்தகைச் சீட்டில் தன் பேர் எழுதியிருந்த இடத்தை விரலால் தடவித் தடவி அந்த இடத்தில் தாள் மழுங்கிப்போயிருந்தது.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவள் டெல்ஃபின். மூன்று வருஷம் ஒரு சுற்றுலாக் கப்பலின் சூதாட்டக் கூடத்தில் மேசை துடைத்தவள்; துடைக்கிறவளை யாரும் கவனிப்பதில்லை என்பதால் எல்லோருடைய சீட்டையும் அவள் கவனித்திருந்தாள். மூன்றாவது ஆள் சுடலைமணி, பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பார்த்துக்கொள்பவன், மோட்டார் ஓடாத நேரத்தில் அவன் வாய் ஓடும். காசு வைத்து ஆடினால் வீட்டில் விளக்குமாறு பேசும் என்பதால் ஓடைக்கரையில் சிப்பி பொறுக்கி ஆளுக்கு இருபதாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஆட்டம் லேசானது. ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டாமல். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. கையில் இருப்பதையும் நடுவில் கிடப்பதையும் சேர்த்து நல்ல ஐந்தைக் காட்டுகிறவருக்குச் சிப்பி. நடுவில் சீட்டு விழும்போதெல்லாம் ஒரு சுற்றுப் பந்தயம் உண்டு, ஆட்டத்தின் உயிரே அந்தச் சுற்றுகளில்தான் இருந்தது. முன்னால் யாரும் ஒன்றும் வைக்காதபோது, நானும் வைக்கவில்லை, ஆனால் எழுந்து போகவுமில்லை என்று சொல்லலாம். கப்பலில் அதற்கு செக் என்று பெயர், உப்பளத்தில் அது ‘சும்மா’ ஆயிற்று. முதலில் சிப்பி வைப்பது ‘வச்சேன்’. அடுத்தவர் வைத்த அளவுக்கு வைத்துத் தொடர்வது ‘ஈடு’. அதைவிடக் கூட்டி வைப்பது ‘ஏத்து’. போதும் என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டு, அதுவரை வைத்ததை விட்டுக்கொடுப்பது ‘மடக்கு’.

கடைசிச் சொல்லை டெல்ஃபின் சொல்லிக்கொடுத்தாளே தவிர, அந்தக் கொட்டகையில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. காரணம் சங்கம்புதூரின் வழக்கம். உப்பு வாருகிற பலகையைப் பாத்திக்குள் இறக்கிவிட்டால் அந்தப் பாத்தியை முடிக்காமல் கரையேறக் கூடாது, காலில் கண்ணாடி கிழித்தாலும் சரி, வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும் சரி. பாதியில் விட்ட பாத்தியில் அடுத்த உப்பு கறுக்கும் என்பார்கள். அப்படிப் பழகிய கைகள் ஒரு சிப்பியை நடுவில் வைத்துவிட்டால் கடைசிச் சீட்டு வரைக்கும் ஈடு, ஈடு என்று வைத்துக்கொண்டே போயின.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சீட்டாடப் போட்டிருந்த சதுரப் பலகையின் மூன்று பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து நாலாம் பக்கம் காலியாக இருந்தபோது, கிழக்கே கடல் மேலே தனியாக நின்ற ஒரு மேகம் இறங்கி, வரப்பு வரப்பாகத் தாழ வந்து, கொட்டகைக்குள் குனிந்து நுழைந்து, அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தது. சினை எருமை அளவு இருக்கும். டெல்ஃபின் தீப்பெட்டியையும் மொபைலையும் எடுத்துத் தள்ளி வைத்தாள். ஜெபக்கனி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“வாங்க அண்ணாச்சி,” என்றான் சுடலைமணி. “வெயில்ல வந்திருக்கீங்க. சிப்பி கொண்டாந்தீங்களா, சும்மா கைய வீசிட்டா?”

மேகம் தன் இருபது துளிகளைப் பலகையில் வைத்தது. அவை உடையாமல், ஓடாமல், பாசிமணி போல உருண்டையாக நின்றன. டெல்ஃபின் எண்ணிப் பார்த்துவிட்டு அதற்கும் இரண்டு சீட்டுப் போட்டாள்.

அதன் பேச்சு அவர்களுக்கு ஒரே நாளில் பிடிபட்டது. சும்மா என்றால் பலகையில் ஒரு சொட்டுத் தட்டும். ஈடு என்றால் ஒரு சாண் தாழும். ஏற்றும்போது ஓரமெல்லாம் கறுக்கும். மடக்குவதென்றால் மெல்லிய காற்று வந்து சீட்டைக் கவிழ்த்துப் போகும். வெற்றி தோல்வியின் கணக்கும் அந்த வாரத்திலேயே விளங்கிவிட்டது. மேகத்திடம் ஒரு துளியை ஜெயித்தால் அது ஜெயித்தவருக்குச் சொந்தம். சோற்றுத் தூக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஆகும். தோற்றாலோ, எத்தனை சிப்பி தோற்றோமோ அத்தனை மழை, தோற்றவர் பாத்தியில் மட்டும், வரப்பு தாண்டாமல் பெய்யும். பெய்த இடத்தில் உப்பு கரையும்.

ஊர் இதை இரண்டு வாரத்தில் செரித்துக்கொண்டது. ஈரத்தில் ஊறிய சீட்டுக்கட்டுக்குப் பதிலாக பிளாஸ்டிக் கட்டு வாங்கப்பட்டது. வேன் டிரைவர் மட்டும், மேகம் வேனில் ஏறினால் உட்காரும் சீட்டு நனையும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் என்றார். மேகம் ஒருநாளும் ஏற முயலவில்லை, வேனின் ஹாரன் கேட்டதும் ஆடிக்கொண்டிருந்த கையை முடித்துவிட்டு எழுந்து கடலுக்குப் போயிற்று. குத்தகைக்காரர் சங்கம் கூடி, மேகம் ஆளா விருந்தாளியா என்று ஒரு மாலை முழுவதும் பேசி, கூலி கேட்காததால் விருந்தாளிதான் என்று தீர்மானம் எழுதியது. கூலிக்கு வாருகிறவர்கள் ஆடித் தோற்றால் முதலாளி பாத்தி கரைகிறது என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். அன்றிலிருந்து மேகத்தோடு ஆடுகிறவர் தன் பேரில் பாத்தி உள்ளவராக இருக்க வேண்டும் என்றும், டெல்ஃபின் சீட்டுப் போடலாம், சுடலைமணி பேசலாம் என்றும் முடிவாயிற்று. கோயிலில் பங்குச் சாமியார் ஞாயிறு மன்றாட்டில், நோயாளிகளுக்கும் தேர்வு எழுதுவோருக்கும் அடுத்தபடியாக, மேகத்துக்குச் சுமாரான சீட்டு விழ வேண்டுமென்று மன்றாடினார். நகரத்திலிருந்து மழை அளக்கிற அலுவலர் ஒருவர் குறிப்பேட்டோடு வந்தார். ஒரு கை மட்டும் ஆடிப் பார்க்கிறேன் என்று விதியைக் கேட்காமலே உட்கார்ந்து, கையில் ஒன்றுமில்லாமல் இரண்டு தரம் ஏற்றி, அவருக்குப் பாத்தி இல்லாததால் குடையைத் தோற்றுவிட்டு நனைந்துகொண்டே பஸ் ஏறினார்.

ஜெபக்கனிக்குத்தான் அந்தச் செப்டம்பர் நல்லபடியாக இல்லை. ஒருநாள் கையில் இரண்டு ஜாக்கி. நடுவில் ராணியும் ராஜாவும் விழுந்து, மேகம் வைத்துக்கொண்டே போனது, அவளும் ஈடு வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் மேகம் இரண்டு ராணியைத் திருப்பிக் காட்டியது. நடுவில் கிடந்ததோடு மூன்று ராணி. ஒன்பது சிப்பி. அவளுடைய இரண்டு பாத்தியில், அளந்து வெட்டியது போல, மழை பெய்தது. பக்கத்துப் பாத்தியில் உப்பு காய்ந்து மினுங்கிக்கொண்டிருந்தது.

“யக்கா, ஒரு வார்த்த கேக்கவா?” என்றாள் டெல்ஃபின். “நடுவுல ராணி விழுந்தப்ப ஒனக்கு என்ன தோணுச்சு?”

“எங்கிட்ட ரெண்டு ஜாக்கி இருக்கேன்னு தோணுச்சு.”

“அதான். ஒங்கிட்ட என்ன இருக்குன்னே பாக்குத. ஒன்ன எது ஜெயிக்கும்னு பாக்கல. அண்ணாச்சி மொத வாரத்துலயே கண்டுபிடிச்சிட்டாரு, இவுக யாரும் மடக்க மாட்டாகன்னு. நல்ல சீட்டு இருந்தா மட்டும் வைக்காரு, நீங்க கூடவே போயி கொட்டுதீங்க.”

“எறக்கின பலகய எப்படிட்டி பாதியில தூக்க?”

“அது ஒன் பாடு,” என்றாள் டெல்ஃபின்.

ஜெபக்கனி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் விடியலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் ஏழாம் பாத்தியில் பலகையை இறக்கி, பாதி வரைக்கும் வாரி, அங்கேயே நிறுத்தி, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கரையேறினாள். சுற்றிலும் பலகைகள் நின்றன. சுடலைமணி மோட்டாரை அணைத்துவிட்டு ஓடி வந்தான். “யக்கா, மயக்கமா? தண்ணி கொண்டாரவா?” அவள் வரப்பில் உட்கார்ந்து, பாதி வெள்ளையும் பாதி ஈரமுமாகக் கிடந்த பாத்தியை ஒரு மணி நேரம் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாளில் அந்தப் பாதியில் மறுபடி உப்புப் பூத்தது, கறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஆட்டம் மாறியது. சுமாரான சீட்டு வந்தால் சும்மா என்று தட்டிவிட்டு, சிப்பி செலவில்லாமல் அடுத்த சீட்டைப் பார்க்கப் பழகினாள். நல்ல சீட்டு வந்தால் ஒளித்து வைத்துக் காத்திருக்காமல் உடனே வைத்தாள். இன்னும் ஒரு சீட்டுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் மேகம் அந்தச் சீட்டைப் பார்க்க விலை கொடுக்கட்டும் என்று. நடுவில் பத்துச் சிப்பி கிடக்கும்போது தன்னிடம் ஒன்று மட்டும் கேட்டால் ஈடு வைத்தாள். இரண்டு கிடக்கும்போது எட்டுக் கேட்டால் வைக்கவில்லை. மேகம் வெறுமனே கறுத்துக் காட்டுகிறது என்று தோன்றியபோது எப்போதாவது ஏற்றிப் பார்த்தாள், மேகம் வெளிறிப்போய்ச் சீட்டைக் கவிழ்க்கும்போது கொட்டகையே கைதட்டியது. ஒன்றுக்கும் ஆகாத சீட்டு வந்தால் “மடக்கு” என்றாள். முதல் தடவை அந்தச் சொல் தொண்டையில் மீன்முள் போல நின்றது. பத்தாவது தடவை வெற்றிலை எச்சில் துப்புகிற லேசில் வந்தது. நான்கு குடம், ஆறு குடம் என்று வீட்டுக்கு நல்ல தண்ணீர் போயிற்று. தெருவில் அத்தனை பெண்களும் அந்த மாதம் உப்பு நீரில் இல்லாமல் நல்ல தண்ணீரில் தலை குளித்தார்கள், தலைமுடி சொன்ன பேச்சுக் கேட்கிறது என்று ஆச்சரியப்பட்டார்கள். மேகம் வந்ததற்குக்கூட அவர்கள் அவ்வளவு ஆச்சரியப்படவில்லை.

அந்தச் சொற்கள் வேன் ஏறி ஊருக்குள்ளும் போயின. பெண் பார்க்க வந்தவர்கள் நகை விஷயத்தைப் பேசாமல் காப்பியே குடித்துக்கொண்டிருந்தால், “சும்மா தட்டுதாக” என்று அடுக்களையில் சொல்லிச் சிரித்தார்கள். மாமியாரோடு வாக்குவாதத்தில் பாதியில் எழுந்து துணி துவைக்கப் போன ஒருத்தியை மற்றவர்கள் கோழை என்று சொல்லவில்லை, நல்ல ஆட்டக்காரி என்றார்கள்.

அக்டோபர் நடுவில் மற்ற எல்லோரும் கடைசி உப்பை வாரி, மேட்டில் குவித்து, ஓலை போட்டு மூடிவிட்டார்கள். ஜெபக்கனி குத்தகை எடுத்ததே தாமதம் என்பதால் அவளுடைய பன்னிரண்டு பாத்தி மட்டும் ஒரு வாரம் பின்தங்கி, உப்பு விளைந்து, வாராமல் கிடந்தது. மறுநாள் விடியற்காலை வாருவதாக ஆள் சொல்லியாயிற்று. ஒரே ஒரு நாள் மழை பொறுத்தால் போதும். அவள் பேரில் முதல்முறையாக உப்பு தராசு ஏறும். இல்லையென்றால் அடுத்த வருஷம் குத்தகை வேறு ஆளுக்குப் போகும், அவள் திரும்பவும் கூலிப் பலகையைத் தூக்குவாள்.

அன்றைக்கு மேகம் எருமை அளவில் வரவில்லை. கிழக்கு முழுவதையும் இழுத்துக்கொண்டு வந்தது. அதன் முன்புறம் மட்டும் கொட்டகைக்குள் நுழைந்து பலகைக்கு எதிரே உட்கார்ந்தது, மிச்சம் வெளியே கடல் வரைக்கும் நின்றது. உள்ளே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஆடாமல் இருந்தாலும் பெய்வது பெய்யத்தான் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆடினால் ஆட்டத்தின்படி பெய்யும், அவ்வளவுதான் வித்தியாசம்.

“அண்ணாச்சி குடும்பத்தோட வந்திருக்காரு,” என்றான் சுடலைமணி.

பன்னிரண்டரை மணியிலிருந்து ஆடினார்கள். ஜெபக்கனி இரண்டு கை ஜெயித்தாள், மூன்று கை வைக்காமலே மடக்கினாள். ஒன்று இருபதுக்கு, வேன் வருவதற்குள் கடைசிக் கை என்று டெல்ஃபின் சீட்டுப் போட்டாள். ஜெபக்கனி ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். இரண்டு ராஜா, ஒன்று இஸ்பேட், ஒன்று டைமன்.

நடுவில் மூன்று சீட்டு விழுந்தது: ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஒன்பது, கிளாவர் ஐந்து. அவளிடம் மூன்று ராஜா. பொறுமையாக இரண்டு சிப்பி வைத்தாள். மேகம் ஒரு சாண் தாழ்ந்தது; ஈடு.

நாலாவது சீட்டு ஆர்ட்டின் ஆறு. அவள் நாலு சிப்பி வைத்தாள். மேகம் மறுபடி தாழ்ந்தது. ஓரம் கறுக்கவில்லை, ஒரு சத்தமும் இல்லை.

ஐந்தாவது சீட்டு ஆர்ட்டின் இரண்டு.

நடுவில் நாலு ஆர்ட்டின் சிவப்பாகக் கிடந்தன. மேகத்தின் கையில் இருக்கும் இரண்டு சீட்டில் ஒன்றே ஒன்று ஆர்ட்டினாக இருந்தால் போதும், ஐந்து ஆகிவிடும், ஐந்து ஆர்ட்டினுக்கு முன்னால் மூன்று ராஜாவுக்கு மதிப்பில்லை. ஜெபக்கனியின் கையில் ஒரு ஆர்ட்டினும் இல்லை. “சும்மா,” என்று பலகையைத் தட்டினாள்.

மேகம் தன்னிடம் இருந்த அத்தனையையும் வைத்தது. துளிகள் பலகை நிறைந்து, வழிந்து, கொட்டகைத் தரை நிறைந்து, வாசல் தாண்டி வரப்பு நெடுக உருண்டு நின்றன. அவளிடம் அவ்வளவு சிப்பி இல்லை. ஈடு என்றால் பன்னிரண்டு பாத்தியும் ஈடு என்று டெல்ஃபின் முறைப்படி ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

“யக்கா, வுட்றாத!” சுடலைமணி எழுந்தே விட்டான். “அண்ணாச்சி வெறுங்கையோட பயங்காட்டுதாரு. போன வாரம் இப்படித்தான் கறுத்து நின்னுட்டு, திருப்பிப் பாத்தா ஒரு மூணும் ஒரு ஏழும்! ஆறு சிப்பி உள்ள கெடக்கு, பலக எறக்கியாச்சு, இனிமே கரையேறுதது மானக்கேடு!”

“ஏல, கொஞ்சம் வாய மூடு,” என்றாள் அவள்.

அவன் சொன்னதும் பொய்யில்லை. மேகம் பல தடவை வெறுங்கையோடு மிரட்டியிருக்கிறது. ஜெயித்தால் இந்தக் கிழக்கு முழுவதும் குடம் குடமாக ஊருக்கு வரும், பாத்தி பிழைக்கும், பேர் நிற்கும். ராஜாக்கள் இரண்டு பேரும் அவள் விரலுக்கடியில் கனத்தார்கள். கெட்ட சீட்டை மடக்க அவள் பழகியிருந்தாள்; இவ்வளவு நல்ல சீட்டை, இரண்டு தரம் சிப்பி வைத்த பிறகு, மடக்குவதற்கு யாரும் அவளுக்குப் பழக்கம் கொடுக்கவில்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்று நினைப்பதை வலிந்து நிறுத்தினாள். மேகம் என்ன செய்தது என்று முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். இரண்டு ஆர்ட்டின் விழுந்தபோது ஈடு வைத்துக் கூடவே வந்தது. மூன்று ஆனபோதும் சத்தமில்லாமல் வந்தது. நாலானதும் எல்லாவற்றையும் வைத்தது. ஒரு சீட்டுக்காகக் காத்திருந்த ஆள் அப்படித்தான் வருவார். காத்திருக்காத ஆளும் அப்படி வரலாம். உறுதியாகத் தெரியாது. ஈடு வைத்துத் தவறினால் பன்னிரண்டு பாத்தி. மடக்கித் தவறினால் ஆறு சிப்பி. உள்ளே கிடந்த ஆறும் இனிமேல் அவளுடையது இல்லை. அதை மீட்கப் போய்த்தான் செப்டம்பரில் இரண்டு பாத்தியைக் கரைத்தாள்.

“மடக்கு,” என்றாள். இரண்டு ராஜாக்களையும் முகம் கவிழ்த்து ஒரு விரலால் தள்ளினாள்.

மேகம் தன் துளிகளையெல்லாம் வரப்பிலிருந்தும் தரையிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. ஈடு வைக்காத பந்தயத்தை வசூலிக்க முடியாது என்பது கப்பலிலும் சட்டம், உப்பளத்திலும் சட்டம். மேகம் ஒருநாளும் கள்ளாட்டம் ஆடியதில்லை. ஜெயித்த ஆறு சிப்பிக்கு உண்டான மழையை மட்டும் அவளுடைய பாத்திகளில், ஒரு பாட்டு நேரத்துக்கு, சன்னமாகப் பெய்தது. உப்பின் மேல்தோல் கரைந்தது. உள்ளே படிகம் அப்படியே நின்றது. ஹாரன் கேட்டது. மேகம் எழுந்து, அன்றைக்குக் கடல் பக்கம் போகாமல், தலைகளுக்கு மேலே நெடுநேரம் கடந்து கடந்து மேற்கே போயிற்று.

அதன் இரண்டு சீட்டும் பலகையில் கவிழ்ந்து கிடந்தன. சுடலைமணி கையை நீட்டினான். ஜெபக்கனி அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“ஒரே ஒரு தடவ பாத்துட்டு வச்சிருதேன் யக்கா. இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது.”

“பாக்கணும்னா ஈடு வச்சிருக்கணும். நான் வைக்கல. நீ பட்டினி கெட.”

இரண்டையும் கட்டுக்குள் சொருகி, பார்க்காமலே நாலு தரம் குலுக்கினாள். மறுநாள் விடியலில் பதினாறு பேர் பன்னிரண்டு பாத்தியில் பலகை இறக்கினார்கள், ஒரு பாத்தியைக்கூடப் பாதியில் விடாமல் எட்டு மணிக்குள் வாரி முடித்தார்கள். உப்பு மேட்டுக்கு ஏறியபோது ஜெபக்கனி ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டு, அது கரைகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

இதையெல்லாம் கேட்டபிறகு எனக்கு மனம் அமைதியாகவில்லை. மூன்று மாதம் கழித்து, உப்பளத்துக்கு மேற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஆவாரங்குளத்துக்கு பஸ் ஏறிப் போய், பஞ்சாயத்து அலுவலகத்தில் மழைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தத் தேதிக்கு நேரே, பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது, நூற்று முப்பத்தொரு மில்லிமீட்டர், கண்மாய் நிறைந்தது, சேதம் எதுவும் இல்லை என்று நீல மையில் எழுதியிருந்தது.